ஜெனரல் பிரேமீந்திர சிங் பகத்: அந்த நாலு நாளுக்கு அப்புறம் என்ன செய்தார்?

கேள்வி: மஞ்சக்குப்பத்துப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் என் ஊர். புதுச்சேரியில் பி.டெக். சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். ராணுவத்தில் இன்ஜினியர்ஸ் பிரிவுக்குப் போக ஆசை.

எங்கள் என்.சி.சி. நிகழ்ச்சியில் விருது பெற்ற இன்ஜினியர் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். லெப்டினன்ட் ஜெனரல் பிரேமீந்திர சிங் பகத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். ஆனால் எங்கே தேடினாலும் 1941இல் அவர் நாலு நாள் கண்ணிவெடி எடுத்த கதையோடு முடிந்துவிடுகிறது. அப்போது அவருக்கு 22 வயது, இறந்தது 1975இல். நடுவில் இருக்கிற 34 வருஷத்தைப் பற்றி ரெண்டு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. "சிவில் படிச்சுட்டு ராணுவத்துக்குப் போய் என்ன பண்ணுவ, குவார்ட்டர்ஸ் கட்டுவியா?" என்று அப்பா கேட்கிறார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். எனக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. சர்வீஸில் இருந்த ஐயாக்கள், அண்ணன்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கெடிலக்கரை சுபேதார்

நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறாய் கண்ணு. நான் திருப்பாப்புலியூர். ராணுவ இன்ஜினியர் படையாட்களைத்தான் சாப்பர் என்போம்; அதில் மெட்ராஸ் சாப்பர்ஸிலிருந்து சுபேதாராகப் பென்ஷன் வந்தவன். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறதே, அந்தச் சென்டர்தான் என் தாய்வீடு. பகத் சாப் எங்கள் குரூப் இல்லை, புனே பக்கம் கிர்க்கியில் இருக்கிற பாம்பே சாப்பர்ஸ். இருந்தாலும் எந்தக் குரூப் சாப்பராக இருந்தாலும் அவர் பெயரைச் சொன்னால் முதுகு நிமிர்ந்துவிடும்.

அந்த நாலு நாளை நீ நினைப்பது போல் சீக்கிரம் தாண்டிவிட முடியாது. அது புரிந்தால்தான் மீதி 34 வருஷம் புரியும்.

1918இல் பிறந்தவர். அப்பாவும் இன்ஜினியர், அரசாங்க வேலை. டேராடூனில் ராணுவப் பள்ளி, அங்கேயே மிலிட்டரி அகாடமி, 1939 ஜூலையில் கமிஷன். ரெண்டு மாதத்தில் உலகப் போர் வந்துவிட்டது. அடுத்த வருஷம் 21ஆவது ஃபீல்டு கம்பெனியோடு சூடான் போனார். 1941 ஜனவரி 31 இரவு, சூடான்–அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) எல்லையில் மெதெம்மா என்ற ஊர் நம் படையின் கைக்கு வந்தது. இத்தாலிக்காரன் கோண்டார் பக்கம் பின்வாங்கினான், போகிற வழியெல்லாம் வெடியைப் புதைத்துக்கொண்டே போனான். துரத்துகிற படைக்கு முன்னால் வழி சுத்தம் செய்துகொண்டு போகிற வேலை செகண்ட் லெப்டினன்ட் பகத்துடையது. பிரென் கேரியர் என்று ஒரு சின்னக் கவச வண்டி உண்டு. வரிசையில் முதல் வண்டி எதுவோ அதில் அவர். நாலு நாள், 55 மைல், 15 கண்ணிவெடி வயல்கள். 55 மைல் என்றால் கிட்டத்தட்ட நம்ம கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்புகிற தூரம். ரெண்டு தடவை அவர் வண்டியே வெடித்தது, கூட இருந்தவர்களுக்கு அடிபட்டது. ஒரு தடவை பதுங்கித் தாக்கினார்கள். ஒரு காதின் சவ்வு கிழிந்தது. பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை வேலை.

இதைக் கேட்டால் எல்லோரும் "என்ன தைரியம்" என்பார்கள். தைரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணிவெடி எடுத்தவனுக்கு அந்தக் கதையில் வேறொன்று தெரியும்.

பாகிஸ்தான் எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்கிரம் 2002இல் முடிந்தபோது எல்லையில் நாமே புதைத்த வெடிகளை நாமே எடுக்கவேண்டி வந்தது. நான் ராஜஸ்தானில் இருந்தேன். மணல்மேடு காற்றில் நகரும், கூடவே வெடியும் நகர்ந்திருக்கும். வரைபடத்தில் புள்ளி வைத்த இடத்தில் இருக்காது. மண்டிபோட்டு உட்கார்ந்து, ப்ராடர் என்கிற கம்பியைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில், மெதுவாக மண்ணுக்குள் விடவேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். சாய்த்து விட்டால் அதன் விலாவில் போய்த் தட்டும். அந்தத் தட்டல் கைக்குத் தெரியும். கல்லில் பட்டால் ஒரு மாதிரி, பிளாஸ்டிக்கில் பட்டால் ஒரு மாதிரி. தட்டியதும் கம்பியை வைத்துவிட்டு விரலால் பக்கத்து மண்ணைத் தள்ளவேண்டும். வெள்ளை டேப் இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்கக் கை தூக்கினால்கூட முழங்கை எங்கே போகிறது என்று யோசித்துத்தான் தூக்கவேண்டும். அரைமணிக்கு மேல் ஒரு ஆளை அதில் வைக்கமாட்டோம். கவனம் கழன்றுவிடும். அதற்கப்புறம் அவன் தனக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஆபத்து.

எங்களிடமாவது டிடெக்டர் இருந்தது. போலந்துக்காரர் கோசாட்ஸ்கி வடிவமைத்த டிடெக்டர் பெரிய அளவில் போர்க்களத்துக்கு வந்ததே 1942இல், எல் அலமெயினில். அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் வேலை செய்தவர் பகத் சாப். கண்தான் அவருக்குக் கருவி. தோண்டி மூடின மண்ணின் நிறம் மாறியிருக்கும். புல் ஒரு திட்டில் மட்டும் வாடியிருக்கும். சக்கரத் தடம் ஓரிடத்தில் மட்டும் துடைத்த மாதிரி இருக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து இதைப் பார்க்கவேண்டும்.

களைத்துப்போனவரை மாற்ற வந்தார்கள், அவர் மறுத்துவிட்டார். எங்கள் டிரில்படி பார்த்தால் அவரை இறக்கியிருக்கவேண்டும். நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். விருதுக் குறிப்பிலேயே அவர் சொன்ன காரணம் இருக்கிறது. இந்த வேலையை இப்போது மற்றவர்களைவிட நான் நன்றாக அறிந்திருக்கிறேன், அதனால் நானே முடிக்கிறேன் என்பதுதான் அது. பயமில்லை என்று சொல்லவில்லை, பெருமைக்கும் சொல்லவில்லை. எந்த வளைவில் வைப்பான், எந்த ஓடைக் கடவில் வைப்பான் என்று எதிரியின் கை அவருக்குப் பிடிபட்டிருக்கும். புதிதாக ஏறுகிறவன் அதை முதலிலிருந்து கற்கவேண்டும். அந்த வேலையில் கற்றுக்கொள்வதற்கு விலை ஆள். அவர் கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்தார். இன்ஜினியர் என்றால் அதுதான்.

இப்போது மீதிக் கதை. சுதந்திரத்துக்கு அப்புறம் படிப்படியாக மேலே வந்தார். 1962இல் சீனாவிடம் அடி வாங்கினோமே, எங்கே தவறினோம் என்று ராணுவத்துக்குள்ளேயே விசாரிக்க ரெண்டு பேரைப் போட்டார்கள். ஒருவர் ஹெண்டர்சன் புரூக்ஸ், இன்னொருவர் அப்போது பிரிகேடியராக இருந்த பகத். 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். இன்றுவரை அரசாங்கம் அதை முழுசாக வெளியிடவில்லை. 2014இல் ஒரு பகுதி மட்டும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் மூலமாக வெளியே வந்தது. தன் சொந்தப் படையின் தோல்வியை, மேலே இருப்பவர்களின் முடிவையும் சேர்த்து, எழுத்தில் வைப்பது லேசான காரியமா? நான் அதை மெதெம்மா சாலைக்குச் சமமாக வைப்பேன். அங்கேயும் மறைந்திருப்பதைத் தோண்டி எடுக்கிற வேலைதான்.

பிறகு லக்னோவில் மத்திய கமாண்டுக்குத் தலைவர். கோமதி வெள்ளத்தில் மீட்பு வேலையை முன்னின்று நடத்தியவர். 1972இல் வடக்குக் கமாண்டு என்று புதிதாக உதம்பூரில் தொடங்கியபோது அதன் முதல் தளபதி. பாகிஸ்தானோடு போட்ட சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டை நிலத்தில் எது எங்கே என்று குறிக்கவேண்டியிருந்தது. பாகிஸ்தான் தரப்பில் ஜெனரல் அப்துல் ஹமீத் கான், நம் தரப்பில் பகத் சாப். 1972 டிசம்பர் 11, சுசேத்கரில் வரைபடங்களில் கையெழுத்துப் போட்டார்கள். தினம் டிவியில் எல்.ஓ.சி. என்று கேட்கிறாயே, அதை மேஜையில் விரித்துக் குறித்த கை ஒரு சாப்பரின் கை.

தலைமைத் தளபதியாக வந்திருக்கவேண்டியவர் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருடைய எண்ணம். அப்போது தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பேவூருக்குப் பதவி நீட்டிப்புக் கிடைத்தது, இவர் 1974இல் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அப்பாவுக்கு இப்படிச் சொல். குவார்ட்டர்ஸ் கட்டுகிற பிரிவு இருக்கிறது, அது எம்.இ.எஸ்., அதாவது மிலிட்டரி இன்ஜினியர் சர்வீஸஸ், அதுவும் நல்ல வேலைதான். ஆனால் இளம் அதிகாரியாகப் போகிறவளுக்கு முதலில் கிடைப்பது ரெஜிமென்ட். பாலம், வெடி, சாலை, தண்ணீர். பெய்லி பாலம் என்று துண்டு துண்டாகப் பூட்டுகிற இரும்புப் பாலம் உண்டு. அதன் ஒரு சட்டம் 10 அடி நீளம், 5 அடி உயரம், 250 கிலோவுக்கு மேல். கிரேன் கிடையாது, ஆறு பேர் தோள் கொடுத்துத் தூக்குவோம். இக்கரையிலேயே பூட்டி, உருளைமேல் வைத்து அக்கரைக்குத் தள்ளுவோம். எவ்வளவு தள்ளினால் முன்பக்கம் குப்புறச் சாயும் என்று அந்த இடத்திலேயே கணக்குப் போடவேண்டியது அதிகாரி. நீ படித்த சிவில் அங்கேதான் வேலைக்கு வரும்.

பதில்: நெய்வேலி டர்பைன்

சுபேதார் ஐயா ஓய்வோடு நிறுத்திவிட்டார். அப்புறம் நடந்ததுதான் எங்கள் ஆட்களுக்கு அவரைத் தெரிந்த பகுதி. நான் நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

1974இல் அவரை டி.வி.சி.க்கு, அதாவது தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்குத் தலைவராகப் போட்டார்கள். 1948இல் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அமைப்பைப் பார்த்து உண்டாக்கியது. திலையா, கோனார், மைதோன், பாஞ்சேத் அணைகள், பொகாரோ, துர்காபூர், சந்திரபுரா அனல் நிலையங்கள் எல்லாம் அதன் கையில். எழுபதுகளில் கிழக்கே மின்வெட்டு தலைவிரித்து ஆடிய காலம். நிலையங்கள் இருந்தும் மின்சாரம் வரவில்லை. பகத் வந்த சில மாதங்களில் உற்பத்தி ஏறியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் பயிற்சிக்குப் போனபோது மூத்த தொழிலாளிகள் "ஜெனரல் சாப் இருந்தப்போ" என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார்கள்.

அனல் நிலையத்தில் உற்பத்தி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பெரிய உடைசல் இல்லை. பாய்லர் குழாயில் ஊசித்துளை, நிலக்கரி அரைக்கும் மில்லில் தேய்மானம், சாம்பல் போகும் குழாயில் அடைப்பு. ஒவ்வொன்றையும் நேரத்தில் பார்க்காமல் தள்ளிப்போட்டால் ஒருநாள் யூனிட்டே நின்றுபோகும். இதைத் தலைமை அலுவலக அறையில் உட்கார்ந்து பிடிக்க முடியாது. மூன்றாவது ஷிப்டில் மில் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்கிற ஆளை நம்பவேண்டும், அவன் சொல்வது மேலே போய்ச்சேர வழி இருக்கவேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் முதல் வண்டியில் உட்காருகிற பழக்கம் உள்ளவராக இருந்தால் அந்த வழி தானாகத் திறக்கும்.

துயரம் என்னவென்றால் அவருக்கு ஒரு வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 1975 மே 23, கல்கத்தாவில் இறந்தார். பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது. 56 வயது.

பதில்: குருசுக்குப்பம்

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். மரியாதையோடு ஒன்று கேட்கவேண்டும். அந்த விருது பிரிட்டிஷ் அரசர் பெயரில் கொடுத்தது. அந்த வருஷம் நம் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) வீடுகள் உண்டு. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போதெல்லாம் யாருக்காக யார் செத்தார்கள் என்ற கேள்வி எனக்கு வரும். கல்லூரி மேடையில் பேசப்போகிற பெண் இதற்கும் தயாராக இருக்கவேண்டும் என்பதால் கேட்கிறேன்.

அதோடு, தமிழ்ப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியவர் சுபேதார் சுப்பிரமணியன் இல்லையா? செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். அவர் படம் எத்தனை பள்ளியில் மாட்டியிருக்கிறது?

பதில்: கெடிலக்கரை சுபேதார்

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. என் தாத்தா காலத்து ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இதில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

நான் பார்ப்பது இப்படி. அபிசீனியாவை முசோலினி 1936இல் பிடித்தான். விஷவாயு போட்டுப் பிடித்தான். பகத் சாப் சுத்தம் செய்த சாலை அந்த நாட்டுக்குள் போகிற சாலை. 1941 மே 5 அன்று அவர்கள் அரசர் ஹைலே செலாசி தலைநகருக்குத் திரும்பினார். அடிமை நாட்டுக்காரன் ஒருவன் இன்னொரு அடிமை நாட்டின் விடுதலைக்கு வழி திறந்தான். இதை அந்தக் கண்ணு மேடையில் தாராளமாகச் சொல்லலாம். நம் தலைவர்கள் சிறையில் இருந்ததையும் அதே மேடையில் சொல்லவேண்டும். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொன்னால் ரெண்டும் கெடும்.

சுப்பிரமணியன் சாப் பெயரை எடுத்தாய், நன்றி. எங்கள் குரூப். அதிகாரி இல்லை, சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி வயலில் வழி திறந்துகொண்டிருந்தபோது கூட இருந்தவரின் காலடியில் வெடி கிளம்பிவிட்டது. சுற்றி ஆட்கள். வெடிப்பதற்குள் இருந்த நொடியில் இவர் அதன்மேல் விழுந்து உடம்பால் மூடிவிட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். கண்ணு, உன் பேச்சில் இவருக்கும் இடம் கொடு. அதிகாரியின் பெயர் ஏட்டில் நிற்கும். வழியைத் திறப்பது அவர் பின்னால் மண்டிபோட்டிருக்கும் செக்ஷன், அதாவது அவருடைய சின்னக் குழு. பகத் சாப்போடு அந்த நாலு நாளும் வண்டியில் இருந்த ஜவான்களின் பெயரும் உனக்குக் கிடைத்தால் எனக்கும் அனுப்பு, நான் எவ்வளவோ காலமாகத் தேடுகிறேன்.

பதில்: மஞ்சக்குப்பத்துப் பெண்

ஐயா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ப்ராடர் பகுதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குவார்ட்டர்ஸ் பேச்சு நின்றது, பயம் தொடங்கிவிட்டது. அவருடைய அடுத்த கேள்வி, "பொண்ணுங்களை அங்கெல்லாம் விடுவாங்களா?"

பதில்: கெடிலக்கரை சுபேதார்

விடுவார்கள். 2023 ஜனவரியில் கேப்டன் சிவா சௌஹான் என்ற இன்ஜினியர்ஸ் பெண் அதிகாரியை சியாச்சினில் 15,600 அடி உயரத்தில் இருக்கும் குமார் போஸ்ட்டில் போட்டார்கள். அங்கே போட்ட முதல் பெண் அதிகாரி அவர்தான், அவரும் சிவில் படித்தவர். 2020இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் பெண்களுக்கு நிரந்தரக் கமிஷனும் உண்டு. அப்பாவிடம் இதைச் சொல். பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. பெற்றவர் பயப்படத்தான் செய்வார், என் அம்மாவும் பயந்தார்கள்.

இனி உன் வேலை. எஸ்.எஸ்.சி. டெக், அதாவது இன்ஜினியரிங் படித்தவர்களுக்கான குறுகிய காலக் கமிஷன், அறிவிப்பு வந்ததும் விண்ணப்பி, கடைசி வருஷத்தில் இருப்பவர்களும் போடலாம். எழுத்துத் தேர்வு இல்லை, மார்க்கைப் பார்த்து எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரித் தேர்வு வாரியத்துக்குக் கூப்பிடுவார்கள். பலகை, கயிறு, டிரம் கொடுத்து ஒரு தடையைத் தாண்டச் சொல்வார்கள். நீ முதலில் பாய்ந்து ஏறுகிறாயா என்பதைவிட, கூட இருக்கிற ஏழெட்டுப் பேரையும் பலகையில் ஏற்றிவிடத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேறி, டிரெய்னிங் சென்னைப் பரங்கிமலையில் கிடைத்தால் அம்மா அப்பா பாசிங் அவுட்டுக்கு பஸ்ஸிலேயே வந்துவிடலாம்.

இப்போதிருந்தே தினம் காலையில் சில்வர் பீச் மணலில் ஓடு. ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தப் பக்கம் நடக்க வருவேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பெய்லி பாலத்தின் முன்பக்கம் ஏன் சாயாது என்பதை மணலில் வரைந்து காட்டுகிறேன்.